பூட்டிய ஷட்டருக்குச் சான்று தேவை

செம்பூர்
4 ஆகஸ்ட் 2025

தம்பி சைஃப்,

உன் கணக்கை ஒரு வாரத்துக்குத் தடை செய்தது நான்தான். வேறு யாரோ என்று நினைத்து அவர்களைத் திட்டிக்கொண்டிருக்காதே. தடையில் இருக்கிறவன் கட்டுரை பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் எழுத முடியாது என்பதால் இந்த மின்னஞ்சல்.

ஆறு வருடமாக நீயும் நானும் கூலியில்லாமல் எழுதிவரும் இணையக் கலைக்களஞ்சியம் இது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அதனால்தான் நமக்கு விதி வேண்டியிருக்கிறது. ‘தாராவி தோல் பட்டறைகள்’ கட்டுரையில், 2009 தீ விபத்து பற்றிய பகுதியில் ஒரு வரி: “ஒரு தொழிலாளி உயிரிழந்த அந்த விபத்தின்போது பட்டறையின் ஷட்டர் வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்தது; சாவி உரிமையாளர் கரீம் பாட்சாவிடம் இருந்தது.” அதற்குப் பத்திரிகைச் சான்றும் இணைக்கப்பட்டிருக்கிறது. நீ ஒரே நாளில் அதை நான்கு முறை அழித்திருக்கிறாய். ஒருவர் திரும்பப் போட, நீ மறுபடி அழிக்க, குழாயடிச் சண்டைதான் போ. மூன்று முறைக்கு மேல் போனால் தடை என்று புதியவர்களுக்கு வகுப்பெடுக்கிறவனே நீதானே?

அழித்ததற்குக் காரணம் என்று நீ எழுதியது ஒரே சொல்: “பொய்”. யார் சொன்னது, எதில் வந்தது, ஒன்றும் இல்லை. நேற்றுச் சேர்ந்தவன் செய்தால் சிரித்துவிட்டுப் போவேன். நீ செய்ததும் எனக்கு எரிச்சலாக வந்தது. நான் நிர்வாகியாகத் தொடரலாமா என்று வாக்கெடுப்பு வேறு நடந்துகொண்டிருக்கிறது. வேண்டியவன் என்று விட்டுவிட்டாள் என்ற பேச்சுக்கு நான் இடம் கொடுக்க முடியாது.

என்ன ஆயிற்று உனக்கு?

கிளாரா


தாராவி
5 ஆகஸ்ட் 2025

கிளாரா அக்கா,

கரீம் பாட்சா என் வாப்பா.

காரணம் போதுமா? ‘தோல்பை’ என்ற பெயரில் எழுதுகிறவன் யார் வீட்டுப் பிள்ளை என்று நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மாட்டுங்காவில் நடந்த களஞ்சியக் கூட்டத்தில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறோம். அன்றைக்கு முழுக்க முற்றுப்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விடுவது பற்றித்தான் பேசினோம்.

அந்தத் தீயில் செத்துப்போனவர் நாணு அண்ணன். எங்கள் பட்டறையில் வெட்டு மாஸ்டர். அவருடைய மகள் ஷீத்தல் அப்போது சின்னப் பிள்ளை. அன்றிலிருந்து அவளுடைய பள்ளிக்கூடம், காலேஜ் எல்லாமே வாப்பா பார்த்ததுதான். ஒவ்வொரு பெருநாளைக்கும் பாண்டுப்பிலிருந்து கிளம்பி வந்து உம்மாவோடு அடுக்களையில் நிற்பாள். வாப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

போன மாதம் அவள் அந்தப் பக்கத்தைப் படித்திருக்கிறாள். அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, “இது நெசமா சைஃப்?” என்று ஒரே கேள்வி. பொய் என்று சொன்னேன். நம்பவில்லை. அன்றிலிருந்து வரவில்லை, வாப்பா போன் பண்ணினால் எடுப்பதில்லை. வாப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. தினமும் என்னைக் கேட்கிறார்: “புள்ளைக்கி என்னல ஆச்சு? நாம எதும் தப்பா பேசிட்டமா?” நான் என்ன சொல்ல?

ஷட்டர் பூட்டியிருக்கவில்லை அக்கா. சூட்டில் தகடு வளைந்து இறுகிப்போனது. எனக்கு நினைவு தெரிந்து வீட்டில் சொன்னது அதுதான், போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனதும் அதுதான். தன் பட்டறையில் ஆளை வைத்துப் பூட்டுகிற மனிதர் இல்லை என் வாப்பா. அந்த வரியைத் தூக்குங்கள்.

சைஃப்


செம்பூர்
6 ஆகஸ்ட் 2025

தம்பி,

இரண்டு தடவை படித்தேன். வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் வரியை எடுக்க மாட்டேன்.

உன் வாப்பா என்று தெரிந்தபின் உன் நிலை இன்னும் மோசம். சொந்தக்காரர்கள் பற்றிய பக்கத்தில் கை வைக்கக் கூடாது. வைத்தே ஆகவேண்டும் என்றால் இன்ன உறவு என்று பேச்சுப் பக்கத்தில் சொல்லிவிட்டு, மற்றவர்களிடம் விட்டுவிட வேண்டும். இந்த விதியை மொழிபெயர்த்ததே நீ. அதை அப்படியே வெட்டி உனக்கு அனுப்பட்டுமா?

நான் காப்பீட்டு அலுவலகத்தில் கிளெய்ம் பார்க்கிறவள் என்பது உனக்குத் தெரியும். தீப்பிடித்த எந்தக் கடைக்காரரின் பிள்ளையும் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, எங்கள் அப்பா கவனக்குறைவாக இருந்தார் என்று சொன்னதில்லை. உன்னைப் பொய்யன் என்று சொல்லவில்லை. நீ மகன் என்று சொல்கிறேன்.

இந்தப் பக்கம் பத்திரிகை சொல்கிறது, அந்தப் பக்கம் நீ சொல்கிறாய். வேறொரு பத்திரிகையோ கோர்ட் தாளோ கொண்டு வா, இரண்டையும் சேர்த்துப் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவுக்கு வா, காபி குடித்துக்கொண்டே பேசலாம்.

கிளாரா


தாராவி
7 ஆகஸ்ட் 2025

அக்கா,

காபியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். பிழைக்க வந்த இடத்தில் ஒரு காரீகர், ஒரு பட்டறைத் தொழிலாளி செத்ததற்கு எந்தப் பேப்பர்காரன் இரண்டாவது தடவை வந்து எழுதுவான்? அன்றைக்கு வந்த செய்தி விரல் அகலம்கூட இல்லை. மின்கசிவு, ஒருவர் பலி, அவ்வளவுதான். அதற்குச் சான்று கொண்டு வா, இதற்குச் சான்று கொண்டு வா என்று சும்மா காலி-பீலி பேசாதீர்கள். உங்களுக்கு அது ஒரு வரி. எங்கள் வீட்டில் ஒரு மனிதர் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார்.

சைஃப்


செம்பூர்
10 ஆகஸ்ட் 2025

சைஃப்,

நேற்றுப் புதிதாக முளைத்த ‘ஊசிநூல்’ என்ற கணக்கு நீதான். மறுக்காதே. முதல் திருத்தத்திலேயே வார்ப்புருக் குறியீட்டைப் பிழையில்லாமல் போடுகிற புதியவன் உலகத்தில் கிடையாது. வந்ததும் அந்த வரியை அழித்துவிட்டு, நான் ஒருதலைப்பட்சமானவள் என்று என் வாக்கெடுப்புப் பக்கத்திலும் எழுதிவிட்டுப் போயிருக்கிறாய்.

தடையில் இருக்கும்போது கள்ளக் கணக்கு தொடங்கினால் நிரந்தரத் தடை. மற்ற நிர்வாகிகள் இன்னும் பார்க்கவில்லை. பார்த்தால் என்னைக் கேட்க மாட்டார்கள். நீ எழுதிய நூற்றுக்கணக்கான கட்டுரைகளுக்குப் பக்கத்தில் ‘தடைசெய்யப்பட்ட பயனர்’ என்று நிற்கும். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அந்தக் கணக்கை நானே மூடிவிட்டேன். இதுதான் கடைசி. ஒருதலைப்பட்சம் என்ற அந்த வார்த்தை எனக்கு வலித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிளாரா


தாராவி
11 ஆகஸ்ட் 2025

அக்கா,

ஊசிநூல் நான்தான். உங்களைப் பற்றி எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அழித்ததற்குக் கேட்க மாட்டேன்.

இப்போது கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒன்று கேட்கிறேன், அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். படிக்க யாருக்கும் தடை இல்லை என்பதால் அந்தப் பக்கத்தின் வரலாற்றை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். ஷட்டர் வரி 2016இல் சேர்க்கப்பட்டிருக்கிறது. பெயரில்லாத யாரோ ஒருவர் வந்து அந்த ஒரு வரியை மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். சான்று கிடையாது. அதற்கு முன்னும் பின்னும் அவர் எதுவும் எழுதவில்லை. நீங்கள் சொல்கிற பத்திரிகைக் கட்டுரை வந்தது 2019இல்.

எது முதலில் வந்தது? நம் பக்கத்துக்குப் பத்திரிகை சான்றா, பத்திரிகைக்கு நம் பக்கம் சான்றா?

அந்தச் சான்றை அங்கே இணைத்தது யார் என்றும் வரலாற்றில் இருக்கிறது. நான் சொல்ல மாட்டேன், நீங்களே பாருங்கள்.

சைஃப்


செம்பூர்
14 ஆகஸ்ட் 2025

தம்பி சைஃப்,

பார்த்தேன். இணைத்தது நான்.

ஊரடங்கு நேரத்தில் சான்றில்லாத வரிகளுக்கெல்லாம் சான்று தேடிச் சேர்க்கும் போட்டி வைத்தோமே, அப்போது செய்தது. வரியைத் தேடுபொறியில் போட்டேன், தாராவித் தீ விபத்துகள் பற்றிய கட்டுரை ஒன்று வந்தது, அதே வாக்கியம் இருந்தது, இணைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். வாக்கியம் அரைப்புள்ளியோடு அப்படியே இருக்கிறதே என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். பத்திரிகைக்காரர் எவர் அரைப்புள்ளி போடுகிறார்?

அந்தக் கட்டுரை எழுதியவரைத் தேடிப் பிடித்தேன். பூலோகம் என்று ஒருவர். மறைக்கவே இல்லை. “ஆமா மேடம், நெட்ல உங்க பக்கத்துலதான் எடுத்தேன். அதுல தப்பாப் போடுவாங்களா?” என்றார். நம்மிடமிருந்து அவருக்கு, அவரிடமிருந்து நமக்கு. இந்த வளையத்தை மற்ற மொழிக் களஞ்சியங்களில் எத்தனை தடவை பிடித்துக் கேலி செய்திருக்கிறோம்!

வரியை எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன், தவறு யாருடையது என்று பேச்சுப் பக்கத்தில் என் பெயரைப் போட்டே எழுதிவிட்டேன். வாக்கெடுப்பில் அது என்ன செய்யுமோ செய்யட்டும். உன் தடைக்காலமும் முடிந்துவிட்டது. உன் வாப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

கிளாரா


தாராவி
15 ஆகஸ்ட் 2025

கிளாரா அக்கா,

கடையில் எல்லோரும் கொடியேற்றத்துக்குப் போய்விட்டார்கள். நான் தையல் மெஷின்மேல் போனை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வரி இல்லை. உங்களை என்னென்னவோ சொல்லிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஷீத்தலுக்கு இணைப்பை அனுப்பிவிட்டேன். “பார், பொய் என்று நிரூபணமாகிவிட்டது” என்று எழுதினேன். இனி வருவாள். இன்று சாயங்காலம் வாப்பாவிடமும் நடந்ததையெல்லாம் சொல்லப் போகிறேன். மகன் போனில் என்னதான் எழுதுகிறான் என்று எத்தனை வருடமாகக் கேட்கிறார்.

சைஃப்


செம்பூர்
22 ஆகஸ்ட் 2025

தம்பி,

ஒரு வாரமாகச் சத்தத்தையே காணோம். ஒரு எழுத்துப்பிழை திருத்தக்கூட நீ வரவில்லை. வாக்கெடுப்பில் நூலிழையில் தப்பித்தேன். உன் வாழ்த்தைக் காணாமல் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

வீட்டில் எல்லோரும் நலம்தானே? அந்தப் பெண் வந்தாளா?

கிளாரா


தாராவி
24 ஆகஸ்ட் 2025

கிளாரா அக்கா,

எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இன்றைக்கு எப்படியும் எழுதிவிட வேண்டும்.

அன்று சாயங்காலம் வாப்பாவிடம் சொன்னேன். இப்படி ஒரு வரி இருந்தது, அதைப் படித்துத்தான் ஷீத்தல் வராமல் இருக்கிறாள், நானும் செம்பூர் அக்கா ஒருவரும் சண்டை போட்டு அதை எடுக்க வைத்துவிட்டோம் என்று. பாராட்டுவார் என்று நினைத்தேன் அக்கா. எனக்கு வெட்கமாக இருக்கிறது, பாராட்டுக்குத்தான் நின்றேன். அவர் வரியை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். மறுபடி வாசி என்றார். பிறகு, “எடுத்திருக்க வேண்டாம்ல” என்றார்.

பூட்டியது உண்மை. பூட்டியது அவர்தான்.

எங்கள் சந்தில் அப்போது ஒரு கட்டுப்பாடு இருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எந்தப் பட்டறையும் ஓடக்கூடாது என்று பட்டறைக்காரர்களே சேர்ந்து வைத்தது. ஆர்டர் முடியாதவர்கள் ஆட்களை உள்ளே வைத்து ஷட்டரை இறக்கி வெளியே பூட்டிவிடுவார்கள். பார்க்கிறவர்களுக்குக் கடை மூடியிருக்கும், உள்ளே பை தைத்துக்கொண்டிருப்பார்கள். எல்லோரும் செய்ததுதான், எல்லோருக்கும் தெரிந்ததுதான். அன்று வாப்பா பூட்டிவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, சாம்பிள் காட்ட சயானுக்குப் போயிருக்கிறார். திரும்பி ஓடி வரும்போது புகை. மற்றவர்கள் கூரைத் தகட்டைப் பிரித்துக்கொண்டு ஏறிவிட்டார்கள். அவர்களைத் தூக்கிவிட்ட நாணு அண்ணனைத் தூக்கிவிட ஆள் இல்லை. போலீஸ் வந்தபோது ஷட்டர் சூட்டில் இறுகிவிட்டது என்று வாப்பா சொன்னார். சந்து முழுவதும் அதையே சொன்னது. தங்கள் பட்டறைப் பூட்டைப் பற்றியும் கேட்பார்களோ என்று அவரவருக்குப் பயம். 2016இல் அந்த ஒரு வரியை எழுதிவிட்டுப் போனது யாராக இருக்கும் என்று யோசிக்கிறேன். கூரை வழியாக ஏறினவர்களில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை வாப்பா சட்டை மாற்றிக்கொண்டு பாண்டுப்புக்குக் கிளம்பினார். நானும் போனேன். ஷீத்தல் உள்ளே கூப்பிடவில்லை. அவர் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அழுதார். அவள் அழவில்லை. முடிந்ததும் என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

“எங்கப்பா எப்பிடி செத்தார்னு இந்த உலகத்துல ஒரே ஒரு வரிதான் இருந்துச்சு சைஃப். அதையும் அழிச்சிட்டு, பார் பார்னு லிங்க் அனுப்புறே?”

வாப்பா ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவள், “எங்கிட்ட மட்டும் வந்து சொன்னா போதாது மாமா” என்றாள். மாமா என்றுதான் சொன்னாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அக்கா, அந்த வரியைத் திரும்பப் போடுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

சைஃப்


செம்பூர்
25 ஆகஸ்ட் 2025

தம்பி சைஃப்,

ஆபீசில் உட்கார்ந்து படித்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் சுப்ரமணியன் உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

வரியை என்னால் திரும்பப் போட முடியாது. நீ சொல்வது உண்மை என்று இப்போது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது சான்று ஆகாது. உன் வாப்பா உன்னிடம் சொன்னதும், நீ எனக்கு எழுதியதும் சான்று ஆகாது. பத்து நாளைக்கு முன்னால் அச்சில் இல்லை என்று சொல்லி ஊரறிய எடுத்த வரியை, அச்சில் இல்லாமலே எந்த முகத்தோடு திரும்பப் போடுவேன்? பொய் என்று நீ சொன்னபோது சான்றோடு நின்றது, உண்மை என்று தெரிந்தபோது சான்றில்லாமல் நிற்கிறது. எனக்கே நம் விதிமேல் ஆத்திரமாக வருகிறது. ஆனாலும் அதை நான் மீறினால், நாளைக்கு யாரோ ஒருவன் எவரைப் பற்றியோ எழுதும் பொய்யை எதைச் சொல்லித் தடுப்பேன்?

இன்னொன்று. இது நிர்வாகியாகச் சொல்வதல்ல, அக்காவாகச் சொல்வது. இதை அவர் வெளியே சொன்னால் பழைய வழக்கைத் தூசு தட்டுவார்கள். வயதான மனிதர். போலீஸ், வக்கீல், சந்துக்காரர்களின் பகை எல்லாம் வரும். அவசரப்படாமல் வக்கீல் ஒருவரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல். அந்தப் பெண்ணிடம் சொன்னதே பெரிய காரியம்.

கிளாரா


தாராவி
1 செப்டம்பர் 2025

கிளாரா அக்கா,

உங்கள் கடிதத்தை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். வக்கீலைப் பார்த்தோம். நீங்கள் சொன்னதையேதான் அவரும் சொன்னார். சந்தில் இரண்டு பேர் வீடு தேடி வந்து, பழசைக் கிளறி எங்களையும் இழுக்காதே பாய் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வாப்பா என்னிடம் ஒன்றுதான் கேட்டார். “யாரு சொன்னா ஒங்க புஸ்தகத்துல ஏறும்?” பேப்பரில் வந்தால் ஏறும் என்றேன். “அப்ப பேப்பர்க்காரனக் கூப்பிடு” என்றார்.

நீங்கள் பேசின அதே பூலோகத்தைத்தான் கூப்பிட்டேன். நேற்று வந்தார். பக்கத்துக் கணபதி பந்தலில் ஒரே சத்தம். அதனால் பழைய பட்டறைக்குள் போய், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து பேசினோம். வாப்பா எதையும் மறைக்கவில்லை. எல்லோரும் பூட்டினார்கள் என்று பூலோகம் எழுதப் போனபோது, “மத்தவன் கத வேண்டாம், நான் பூட்டுனத மட்டும் எழுதுங்க” என்றார்.

ஷீத்தலும் வந்திருந்தாள். வாப்பா பக்கத்தில் உட்காரவில்லை. ஷட்டர் ஓரமாகவே நின்றாள், உம்மா கொடுத்தனுப்பிய டீயைக் குடிக்கவில்லை. பெருநாளைக்கு வருவாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியமும் இல்லை. எல்லாம் முடிந்து கிளம்பும்போது என்னிடம் வந்து ஒரு விஷயம் சொன்னாள். உங்கள் பக்கத்தில் “ஒரு தொழிலாளி” என்றுதானே இருந்தது, எங்கப்பாவுக்குப் பேர் இருக்கு என்றாள். பூலோகத்திடம் சொல்லிப் பெயரையும் போட வைத்திருக்கிறேன். நாளைக் காலைப் பதிப்பில் வருகிறதாம்.

வந்ததும் முழுக்கப் படித்துப் பாருங்கள் அக்கா. நாணு என்ற பெயரும், பூட்டினது கரீம் பாட்சா என்பதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சான்றோடு நீங்களே சேர்த்துவிடுங்கள். நான் மகன். அந்தப் பக்கத்தில் நான் கை வைக்கக் கூடாது.

சைஃப்